காத்திருக்கும் பயணி, மூன்றாம் தரம்

பதுர்தீனுக்கு ஐம்பத்தாறாவது வயதில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது அவருடைய முதுகு. முகத்தை வைத்துக்கொண்டு அவர் அதுவரை பட்டதெல்லாம் பாடுதான். வீடியோ கசட் வாடகைக்குக் கொடுக்கும் கடை போட்டார். ஊரெல்லாம் சீடீக்கு மாறிய வருடமாகப் பார்த்துப் போட்டார். கோழி வளர்த்தார், மாவட்டத்துக்குள் வந்த கோழிச் சீக்கு அவருடைய கூட்டை விசாரித்துக்கொண்டுதான் வந்தது. இதையெல்லாம் ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக் கடையில் அவரே சொல்லி, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். "எனக்குக் கைராசி இல்ல, முகராசியும் இல்ல. முதுகுல ராசி இரிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்" என்பது அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது.

யுத்தம் முடிந்த கையோடு ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து குவிந்தார்கள். பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குவது அவர்களுடைய பொழுதுபோக்கு. காற்றில்லாத நாட்களில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று கொழும்பில் யாரோ கவலைப்பட்டார்கள். கவலை கூட்டமாகி, கூட்டம் குழுவாகி, குழு தனக்கொரு கட்டடமும் நாலைந்து வாகனமும் தேடிக்கொண்டு கரையோரப் பாரம்பரியப் புகையிரதச் சபை ஆகிவிட்டது. களப்பு ஓரத்து வெள்ளைமுனைக் கிராமத்திலிருந்து புத்தளம் நகரம் வரை, முற்காலத்தில் உப்பு ஏற்றிப்போன தண்டவாளம் ஒன்று உடைமரப் பற்றைக்குள் கிடந்தது. அதைத் துப்புரவாக்கி வெள்ளைக்காரரை ஏற்றி ஓட்டுவதென்று முடிவாயிற்று. எல்லாம் முற்காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது சபையின் முதலாவது விதி.

முற்காலத்தில் எப்படி இருந்தது என்பதற்குச் சபையின் கையில் இருந்தது ஒரேயொரு புகைப்படம். 1931ஆம் ஆண்டு எடுத்தது. வெள்ளைமுனை நிலையத்தின் மேடை. ஓரத்தில் உப்புக் கொட்டில். கொட்டில் சுவரைப் பார்த்தபடி, புகையிரதக் கோச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரித்த குடையை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்த ஒரு மனிதர். நீளக் கோட்டு, சாரம், தொப்பி. சபையின் உண்மைத்தன்மை அதிகாரி நிரூபா, உடப்பு ஊர்ப் பிள்ளை, தொல்லியலில் பெரிய பட்டம் பெற்றவள், இந்தப் படத்தைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினாள். காலனித்துவ இயந்திரத்துக்குத் தன் முதுகைக் காட்டிக் காத்திருக்கும் சுதேசியின் மௌன எதிர்ப்பு என்று அதில் இருந்தது. மேலிடம் அதை வாசித்துவிட்டு, அப்படியானால் அந்த ஆளின் இடத்தையும் நிரப்புங்கள் என்றது. காத்திருக்கும் பயணி, மூன்றாம் தரம் என்ற பதவி அப்படித்தான் உண்டாயிற்று.

நேர்முகப் பரீட்சையில் பதுர்தீனிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "திரும்பி நில்லுங்க நானா" என்றாள் நிரூபா, அண்ணன் முறை வைத்து. திரும்பி நின்றார். புகைப்படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேசைக்குப் பின்னாலிருந்த மேலதிகாரியிடம் சொன்னாள். "இடது தோள் இறங்கியிருக்கு சேர். அப்படியே அந்தக் காலத்து இறக்கம்." கோழித்தீன் மூட்டை சுமந்து இறங்கிய தோள் அது என்று பதுர்தீன் சொல்லவில்லை. எதற்கு வீணாக உண்மையைச் சொல்லி உண்மைத்தன்மையைக் கெடுக்க வேண்டும்?

அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் நேராகக் குசினிக்குள் போய் மனைவி நஃபீஸாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். நஃபீஸாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஆளைக் குரலால்தான் அடையாளம் காண்பாள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மதுரங்குளிச் சந்தி வரை முச்சக்கரவண்டியில் குலுங்கி, சந்தியில் பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸிலும் நின்று, போய்ச் சேரும்போது கண்ணை விட இடுப்புக்குத்தான் வைத்தியம் தேவைப்படும். கோச்சியோ ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்னால் போய் நிற்கும்.

"உனக்குக் கண் வெட்டுற நாளைக்கு ரெண்டு பேரும் கோச்சியிலதான் போறம். ஜன்னல் பக்கம் உன்னெ இருத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"லெய்லாட வாப்பா, சொன்னாச் சொன்னதுதானே?" என்றாள் நஃபீஸா. மகளின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"சொன்னாச் சொன்னதுதான்."

வேலைக்கு எடுத்தவர்கள் முதலில் அவரைப் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். காத்திருப்பது எப்படி என்று அங்கே கற்பித்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் பாணுக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவர், சோதனைச் சாவடிகளில் வெயில் காய்ந்தவர், மத்திய கிழக்குக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்டின் வாசலில் ஒரு வருடம் குந்தியிருந்தவர், குறிப்புப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மாணவனைப் போல உட்கார்ந்தார். "நானா, உங்கட நிலையில வண்டி வரும் எண்ட நம்பிக்கை தெரியுது. 1931ல அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது. கொஞ்சம் குறைங்க" என்றாள் நிரூபா. குறைத்தார். வீட்டில் பழகிப் பார்த்தபோது தன் முதுகு தனக்குத் தெரியாததால், நஃபீஸாவை நடுவராக வைத்தார். "நல்லாத்தான் இரிக்கு. பூவரச மரம் நிக்கிற மாதிரி மங்கலா இரிக்கு" என்றாள் அவள். பதுர்தீன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்குச் சபையின் பணிப்பாளர் விநாயகமூர்த்தி வந்தார். சிலாபத்துக்குப் பக்கத்து முன்னேஸ்வரத்துக்காரர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அந்த வெயிலில் நின்றார். கரி எஞ்சின் புகையில் ஒரு வெள்ளைக்காரருக்கு இருமல் வந்துவிட்டதால், முன்னால் நின்ற எஞ்சின் வெறும் கூடாகிவிட்டிருந்தது. பின்னாலிருந்து டீசல் எஞ்சின் தள்ளியது. கூட்டுக்குள் ஒருவர் குந்தியிருந்து, புகைபோக்கியால் வெள்ளைப் புகை வருவதற்காகப் தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது பணிப்பாளர் கோபப்படவில்லை.

"உண்மை வேறு, உண்மைத்தன்மை வேறு" என்றார் அவர் மேடையில். "உண்மை கண்ணைக் கரிக்கும். சட்டையை அழுக்காக்கும். நேரத்துக்கு வராது. உண்மைத்தன்மையை நாங்கள் கழுவித் துடைத்து, நேர அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். உல்லாசப் பயணி உண்மையைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வருகிறார். அவர் அதைக் கண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எமது பொறுப்பு." எல்லோரும் கை தட்டினார்கள். பதுர்தீனும் தட்டப் போனார். ஒரு கையில் குடை இருந்ததால் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவருடைய உத்தியோகம் உப்புக் கொட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது. கோச்சி பின்னால் வரும், பின்னால் போகும். வெள்ளைக்காரர் ஜன்னலால் எட்டிப் படம் எடுப்பார்கள். ஒரு நாள் தும்மிவிட்டார். 1931இல் தும்மியதற்கு ஆதாரமில்லை என்று விளக்கம் கேட்டார்கள். ஹிஸ்புல்லா தினமும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "என்ன நானா, இண்டைக்கும் கோச்சி தவறிப் போச்சா?" என்று கேட்பான். பதுர்தீன் அதற்கெல்லாம் அசைவதில்லை. தன் முதுகு எந்தெந்த நாட்டு வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதோ என்று நினைக்க அவருக்கு உள்ளூரப் பெருமை. கடைத்தெருவில் நடக்கும்போது, ஆட்கள் பார்க்க வசதியாக, கொஞ்சம் முன்னால் போய் நடக்கத் தொடங்கினார். மனிதர் வேலையில் அவ்வளவு ஊறிவிட்டார்.

மார்கழி மாதத்தில் நஃபீஸாவுக்குத் திகதி கொடுத்தார்கள். முதலில் வலது கண். தவறினால் இன்னொரு வருடம் பார்க்க வேண்டும் என்று தாதி சொல்லி அனுப்பினாள். பதுர்தீன் சபைக்குப் போய், ஒரு நாள் லீவும் கோச்சியில் இரண்டு இடமும் கேட்டார். அதற்கென்று ஒரு கூட்டமே கூடியது.

"நானா, யோசிச்சுப் பாருங்க" என்றார் பணிப்பாளர், மிகவும் அன்பாக. "நீங்க காத்திருக்கிற பயணி. ஏறினீங்கண்டா வெறும் பயணி. சபையில அப்படியொரு பதவியே இல்ல. பதவி இல்லாத ஆளுக்கு நான் எப்படி லீவு தாறது?"

"அப்ப அவ மட்டும் போகட்டும் சேர். காசு கட்டுறேன்."

நிரூபா படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல பெண்கள் இல்ல நானா. ஊர் ஆக்கள் ஏறினதுக்கும் ஆதாரம் இல்ல. அந்தக் காலத்துல இந்தக் கோச்சியில போனது உப்பு மட்டும்தான்."

"வெள்ளைக்காரங்க போறாங்களே மிஸ்."

"அவங்க உப்புட இடத்துல போறாங்க" என்றாள் அவள். சொன்ன பிறகு அவளுக்கே அது பிடித்துப்போய், குறித்தும் வைத்துக்கொண்டாள்.

இதை நஃபீஸாவிடம் சொல்லப் பதுர்தீனுக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் போகலாம், அன்றைக்கு ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒத்திப்போட்டார். ஆனால் மழை ஒத்திப்போடவில்லை. விடிந்தபோது மதுரங்குளி வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. முச்சக்கரவண்டி ஒன்றும் அசையவில்லை. தண்டவாளம் மட்டும் மேட்டில் நனைந்துகொண்டு கிடந்தது. நஃபீஸா கறுப்பு அபாயாவும் கையில் ஒரு பையுமாக நிலையத்துக்கு வந்து, குரல் வந்த பக்கம் பார்த்து, "சீட்டு எடுத்தாச்சா?" என்று கேட்டாள். மூன்றாம் தரப் பயணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கென்று, சபைக்கு நிதி தரும் வெளிநாட்டுக் குழுவும் பணிப்பாளரும் முதல் நாளே ஊருக்கு வந்து தங்கி, வெள்ளைமுனையில் ஏற நின்றார்கள். கோச்சி மேடைக்குள் நுழைந்ததும் குடையும் மழைக்கோட்டுமாக எல்லோரும் முண்டியடித்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பதுர்தீனுடைய கை அவரைக் கேட்காமலே வேலை செய்தது. சடாரென்று திரும்பினார், சாரத்து மடிப்புக்குள்ளிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை உருவினார், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மூன்றாவது ஜன்னலால் எட்டி ஓர் ஆசனத்தில் போட்டார், மறுபடி சுவரைப் பார்த்து நின்றார்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் கோச்சியில் போய்வருகிறவர்களுக்குச் சட்டம் ஒன்றுதான். கைலேஞ்சி கிடக்கும் ஆசனம் ஆளுள்ள ஆசனம். பொலிஸ்காரர் அதை எடுக்க மாட்டார், அரசியல்வாதி எடுக்க மாட்டார், பிக்பொக்கெட்காரன்கூட எடுக்க மாட்டான். அந்தச் சட்டம் எங்கேயும் எழுதியில்லை என்பதால்தான் யாரும் அதை மீறுவதில்லை.

"மூணாவது ஜன்னல். நீல லேஞ்சி. தடவிப் பாத்து இரி. புத்தளத்துல மகள் நிப்பா" என்றார் பதுர்தீன் சுவரிடம்.

"நீங்க?"

"நான்... டியூட்டியில இரிக்கேன். வர ஏலா."

"சொன்னாச் சொன்னதுதானெண்டீங்க" என்றாள் நஃபீஸா. குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பெட்டியின் இரும்பைத் தடவிக்கொண்டு போனாள்.

அந்த ஆசனம் பணிப்பாளருக்கென்று ஒதுக்கியது. அவர் வந்தார், குனிந்தார், லேஞ்சியைக் கண்டார், நிமிர்ந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தாலும் சிலாபக் கோச்சியில் பள்ளிக்கூடம் போன பிள்ளை அவர். "யாரோ லேஞ்சி போட்டிருக்காங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். நஃபீஸா தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பரிசோதகர் லேஞ்சியைப் பார்த்துவிட்டு அவளிடம் சீட்டே கேட்கவில்லை. வெளிநாட்டுக் குழு இதென்ன என்று விசாரிப்பதும், இது எமது தொன்மையான ஆசன வழிபாடு என்று பணிப்பாளர் விளக்குவதும் பதுர்தீனுடைய முதுகுக்குக் கேட்டன.

கோச்சி போய்விட்டது. கண் தெரியாத பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டு, சுவருக்கு முன்னால் நின்று அவர் அழுதார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளை விட ஒரு கோட்டும் குடையும் பெரிதாகப் போயிற்றே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. மேடையில் நின்ற நிரூபா கிட்ட வந்து, "இண்டைக்குத்தான் நானா சரியா வந்திருக்கு. 1931ட துக்கம் முழுசா முதுகுல தெரியுது" என்றாள்.

தண்ணீர் வடிந்த பிறகு, மகள் லெய்லாவின் வீட்டிலிருந்து நஃபீஸா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். கோச்சி எப்படி என்று பதுர்தீன் பயந்து பயந்து கேட்டார். "நல்லா இரிந்திச்சி. பக்கத்துல ஒரு மனுசன் கடைசி மட்டும் நிண்டுகொண்டே வந்தார், பாவம்" என்றாள். ஒரு மாதத்தில் மறுபடி காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு மாதத்துக்குள் சபை சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுக் குழுவின் அறிக்கையில் கோச்சியைப் பற்றி ஒரு வரியும், லேஞ்சியைப் பற்றி இரண்டு பக்கமும் இருந்தன. உடனே லேஞ்சிப் பொறுப்பாளர் ஒருவர் நியமனமானார். கைத்தறியில் நெய்து, சபையின் முத்திரை குத்திய லேஞ்சிகள் வந்திறங்கின. எல்லா ஆசனத்திலும் ஒவ்வொன்று விரித்தார்கள். விரித்த பிறகுதான் அதை எடுக்க ஆள் இல்லை என்பது தெரிந்தது. சிற்றூழியர்கள் தொட மறுத்தார்கள். பரிசோதகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொறுப்பாளரும் சிலாபத்துக்காரர். வெள்ளைக்காரர்கள் இது புனிதம் போல என்று நினைத்து, வெற்று ஆசனங்களுக்கு நடுவே புத்தளம் வரை நின்றுகொண்டு போனார்கள். பணிப்பாளர் பின்வாங்கவில்லை. "ஆசனம் இருந்தும் நிற்பது எமது பண்பாடு" என்று அடுத்த விழாவில் அறிவித்தார். டிக்கட்டின் விலையும் கூடியது.

காட்டும் நாள் வந்தது. வீதி காய்ந்திருந்தது, பஸ்ஸும் ஓடியது. "பஸ்ல போவமா?" என்று கேட்டுப் பார்த்தார் பதுர்தீன். "நான் கோச்சியிலதான். நீங்க வாறீங்களா இல்லியா எண்டு உங்கட சுவரக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் நஃபீஸா.

அவள் நிலையத்துக்கு வந்தபோது அவர் கோட்டும் குடையுமாகத் தன் இடத்தில் நின்றார். அவள் அவரை இந்த வேலையில் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேடையின் தூணில் சபை அந்த 1931ஆம் ஆண்டுப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தது. அவள் அதற்குக் கிட்டப் போய், புதிய கண்ணால் மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். சுவரின் அடியைப் பார்த்தாள். குடை சரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"லெய்லாட வாப்பா" என்றாள் தாழ்ந்த குரலில். "இந்த மனுசன் ஒண்ணுக்குப் போறாரு."

பதுர்தீன் திரும்பினார். படத்தைப் பார்த்தார். எட்டு மாதமாகப் பார்த்த அதே படம். சுவரில் ஒரு ஈரத் தடம் இறங்கி, மேடையின் விளிம்பு வரை வந்திருந்தது. குடை எதற்கு அப்படி மறைத்துப் பிடித்திருந்தது என்பதற்கு இனி எந்த அறிக்கையும் தேவையில்லை. எட்டு மாதமாக, ஒரு நாள் தவறாமல், உலகத்து மக்கள் எல்லோரும் படம் எடுக்க, தான் நின்ற நிலை இதுதானா என்று யோசித்தார். அதற்குப் பயிற்சி வேறு. பெருமை வேறு. கசட் கடையும் கோழிக் கூடும் இதற்கு முன்னால் எவ்வளவோ மரியாதையான தொழில்கள் என்று தோன்ற, அவருக்குச் சிரிப்பு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். நஃபீஸாவும் சிரித்தாள். கோச்சி வந்து நின்றது. பதுர்தீன் குடையைச் சுருக்கினார்.

"ஏறு" என்றார். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னார்.

பெட்டிக்குள் வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஆசனங்களில் லேஞ்சிகள் உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு வழிகாட்டியாக வந்திருந்த நிரூபா, கூட்டத்துக்கு ஆசன வழிபாட்டை விளக்கிக்கொண்டிருந்தாள். நஃபீஸா ஜன்னலோர லேஞ்சி ஒன்றைச் சுட்டிக் காட்டினாள்.

"இது ஆருட?"

"சபையுட."

"சபைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இரிக்கா?"

அவள் அந்த லேஞ்சியை எடுத்து, நீர் வடிந்துகொண்டிருந்த வலது கண்ணை ஒற்றிக்கொண்டு, உட்கார்ந்தாள். பக்கத்து லேஞ்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவரும் உட்கார்ந்தார். எதிரில் கால் மாற்றி மாற்றி நின்ற ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, மெல்லக் குனிந்து தனக்கொன்றை எடுத்தார். அதற்குப் பிறகு பெட்டி முழுவதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

நிரூபா விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர்களிடம் ஓடி வந்தாள். "நானா, நீங்க இங்க இருக்கீங்க. அப்ப அங்க காத்திருக்கிறது ஆர்?"

"ஆருமில்ல மிஸ்" என்றார் பதுர்தீன்.

கோச்சி நகர்ந்தது. தான் நின்ற இடத்தை அவர் அன்றைக்குத்தான் கோச்சியிலிருந்து பார்த்தார். சுவர் இருந்தது, கொட்டில் இருந்தது, வெயில் இருந்தது. அடுத்த ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரி ஆளில்லாத மேடையைப் படம் எடுத்து, எடுத்ததைப் பார்த்து, திருப்தியோடு தலையாட்டினாள்.

"என்னத்தெப் பாக்குறீங்க?" என்று கேட்டாள் நஃபீஸா.

"நான் நிக்கிற எடத்தெ."

அவளும் எட்டிப் பார்த்தாள். புதிய கண்ணால், அவசரப்படாமல், நன்றாகவே பார்த்தாள்.

"அங்க ஒண்டும் கொறையல்லயே" என்றாள்.

"ஓம், ஒண்டும் கொறையல்ல" என்று ஒப்புக்கொண்டு, பதுர்தீன் அவளுக்காக ஜன்னலை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டார்.